குடி வைப்போர் கவனத்துக்கு

சென்னையில் ஒரு மனிதன் சொந்த ஃபிளாட் வாங்கியதும் முதல் வாரம் பால் காய்ச்சுகிறான். இரண்டாம் வாரம், இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்த ஆசை தீரும்வரை சுவர் சுவராக ஆணி அடிக்கிறான். மூன்றாம் வாரம் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரரிடம், "இந்த டெனன்ட்டுங்க தொல்லை தாங்கலை சார், பில்டிங்கையே பாழ் பண்றாங்க" என்கிறான். நான்காம் வாரம் அவன் அசோசியேஷன் கமிட்டியில் இருக்கிறான்.

தான் வாடகைக்கு இருந்த காலத்தை அவன் மறந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். மறக்கவே இல்லை. தொல்லையே அங்குதான்.

எங்கள் குடியிருப்பு மடிப்பாக்கத்தில் இருக்கிறது. நான்கு பிளாக், 42 வீடு. 'லேக் வியூ' என்று சொல்லித்தான் விற்றார்கள். 2015 டிசம்பரில் ஏரியே நேரில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. இங்கே குடிவந்த பிறகு யாருக்கும் பெயர் கிடையாது. அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டையோடு சரி. ஏ-1 சார் தலைவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றபடி பி-4 மாமி, பி-7 சார், டி-2 வக்கீல் என்று கதவு எண்ணோடு உறவோ தொழிலோ ஒட்டிக்கொள்ளும். நான் சி-3. கமிட்டியில் இணைச் செயலாளர். போட்டியின்றித் தேர்வு செய்தார்கள்; அன்று நான் ஊரில் இல்லை.

இணைச் செயலாளருக்கு வேலை ஒன்றுதான், மினிட்ஸ் எழுதுவது. பி-7 சார் பிளாஸ்டிக் நாற்காலியை உதைத்தால் 'உறுப்பினர் ஒருவர் தம் கருத்தை அழுத்தமாகப் பதிவு செய்தார்' என்று எழுத வேண்டும். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் 'விவாதம் பயனுள்ளதாக அமைந்தது'. இந்தக் கலை எனக்குக் கைவந்திருப்பதால்தான் எங்கள் சங்கம், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கண்களில் இன்னும் மரியாதையான சங்கமாக இருக்கிறது.

விவகாரம் சி-9இல் ஆரம்பித்தது. அந்த வீட்டு ஓனர் நியூ ஜெர்சியில் இருக்கிறார். மூன்று பெட்ரூம் வீட்டை ஓர் ஐ.டி. தம்பிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். 'ஃபேமிலி' என்று சொல்லித்தான் தம்பி வந்தான். ஃபேமிலி பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போனது, போனதுதான். மூன்று பெட்ரூமுக்கான வாடகை ஒருவன் தலையில் விழுந்ததும் தம்பி இரண்டு அறைகளை உள்வாடகைக்கு விட்டுவிட்டான். ஓனருக்குத் தெரியாது. ஒன்றாம் தேதி பணம் வந்துகொண்டிருந்ததால் தெரிந்துகொள்ளும் அவசியமும் அவருக்கு இல்லை.

எங்களுக்கு எப்படித் தெரிந்தது? வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். அவர் கண்காணிப்பில் கேமராவெல்லாம் கிடையாது, பால்தான். "சி-9க்கு முன்னாடி ரெண்டு பாக்கெட்டு சார், இப்ப நாலரை." அந்த அரை பாக்கெட் என்ன கணக்கு என்று தலைவர் கேட்டார். "ஒருத்தர் பிளாக் டீ குடிப்பாரு போல, பாதிதான் சார் எடுக்குறாரு." பி-4 மாமி தன் பங்குக்கு, சி-9 பால்கனிக் கொடியில் ஐந்து வெவ்வேறு இடுப்பளவில் ஜீன்ஸ் காய்வதாக உறுதி செய்தார். மாமி கணக்குப் பேராசிரியையாக இருந்தவர், அளவில் தவறாது.

இதில் உண்மையான வருத்தம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மெயின்டனன்ஸ் சதுர அடிக் கணக்கு. வீட்டில் ஒருவர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் தொகை ஒன்றுதான். தண்ணீரோ தலைக்கணக்கில்தான் செலவாகும். 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்காகக் கேட்டில் தவம் கிடந்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து, பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டோம். குளித்துவிட்டு வந்தாரா, இனிமேல்தான் குளிப்பாரா என்றுதான் பார்ப்போம். ஆகவே சி-9இல் ஐந்து ஜீன்ஸ் என்பது ஐந்து குளியல், வாரம் ஒரு வாஷிங் மெஷின் ஓட்டம். கோபம் நியாயமானதுதான். ஆனால் நியாயமான கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கமிட்டிக்குத் தெரிந்ததே இல்லை. விதி எழுதுவோம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏ-1 வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். லேப்டாப்போடு நான். தலைப்பு: 'வீட்டை வாடகைக்கும் உள்வாடகைக்கும் விடுவது தொடர்பான விதிகள்.'

முதல் விதியைத் தலைவரே முன்மொழிந்தார். "நைட்டு பத்து மணிக்கு மேல டெனன்ட்டுங்களுக்கு மெயின் கேட் திறக்கக் கூடாது." ஏன் பத்து என்று கேட்டேன். தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்புறம் கதை வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோரில் குடியிருந்திருக்கிறார். நடுவில் முற்றம், சுற்றிப் பன்னிரண்டு குடித்தனம், ஒரு குழாய், ஒரு வாசற்கதவு. வீட்டுக்காரர் ஒன்பதரைக்குக் கதவைத் தாழ் போட்டுவிடுவார். மாலைக் காட்சிக்குப் போனால் கடைசி அரை மணி நேரத்தை விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். "நாலு வருஷம் சார். எந்தப் படத்துலயும் வில்லன் செத்தானா இல்லையான்னே எனக்குத் தெரியாது." அந்தக் காலத்துப் படங்களை இப்போது டிவியில் போட்டால் அவர் கிளைமாக்ஸ் மட்டும் பார்ப்பதாக அவர் மனைவி சமையலறையிலிருந்து சொன்னார்.

அன்று கதவுக்கு வெளியே நின்ற மனிதர் இன்று பத்து மணி என்கிறார். அரை மணி தாராளம்.

அடுத்தது ஆணி. பி-7 சார், டெனன்ட்டுகள் சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது என்றார். மேற்கு மாம்பலத்தில் அவர் குடியிருந்த போர்ஷனைக் காலி செய்த அன்று, ஹவுஸ் ஓனர் டார்ச் லைட்டோடு வந்து சுவரில் இருந்த ஓட்டைகளை எண்ணி, ஓட்டைக்கு இவ்வளவு என்று அட்வான்ஸில் பிடித்துக்கொண்டாராம். அதில் இரண்டு ஓட்டை அவருக்கு முன்பு இருந்தவருடையது. "அந்த ரெண்டு ஓட்டைக்கும் நான் பணம் கட்டியிருக்கேன்" என்று சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஓட்டை. நான் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

பொருளாளர் ஷிஃப்டிங் சார்ஜ் ஐயாயிரம் என்றார். சாமான் ஏற்றும்போது லிஃப்ட் கெடுகிறது, சுவர் உரசுகிறது என்று காரணங்கள் அடுக்கினார். துருவியதில் அவர் காயமும் வெளியே வந்தது. நங்கநல்லூரில் வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை ஓனர் கழித்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து, தபால் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்க அந்த வீட்டுக்கே போயிருக்கிறார். புதுக் குடித்தனக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே ஹால் சுவரில், தன் மகன் கிரேயானால் வரைந்த யானை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

இப்படியே போயிற்று. விருந்தாளி மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று சொன்னவரின் மாமனாரை ஒரு ஹவுஸ் ஓனரம்மா வாளி எண்ணிக் குளிக்கவைத்திருந்தார். மொட்டை மாடியில் வடாம் காயப்போடக் கூடாது என்றவரின் வடாத்தை ஒரு ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து அள்ளிக் கீழே கொண்டுவந்து வைத்திருந்தார். யாரும் கற்பனையில் எதையும் எழுதவில்லை. எல்லாம் பட்ட அனுபவம். தன்னை வதைத்த ஹவுஸ் ஓனரைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, அந்த ஹவுஸ் ஓனர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து ஏ-1 ஹாலில் எங்களோடு காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

'பேச்சிலர்களுக்கு வீடு கிடையாது' என்ற விதி மட்டும் சிக்கிக்கொண்டது. தலைவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "பெங்களூர்ல நம்ம பையனுக்கு யாரும் வீடு தர மாட்டேங்கறான்னு நேத்து ராத்திரி முழுக்க அந்த ஊரையே திட்டினீங்களே?" விதியைப் பரிசீலனையில் வைத்தோம். இன்னமும் அங்கேயே இருக்கிறது, மகனுக்கும் இன்னும் வீடு கிடைக்கவில்லை.

சமையல் வாசனை பற்றி ஒருவர் ஆரம்பித்தார். அசைவம் என்ற சொல்லை வாயில் எடுக்காமலே ஐந்து நிமிடம் பேசினார். பி-2 சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாடகை வீட்டுல ஊதுவத்தி ஏத்தி வெச்சு மீன் குழம்பு செஞ்சவன் சார் நான். சாமி கும்பிடற குடும்பம்னு எங்க ஓனருக்கு எங்க மேல ரொம்ப மரியாதை. அந்த மாதிரி விதி போட்டீங்கன்னா அடுத்த கூட்டத்துக்கு எனக்குப் பதிலா எங்க வீட்டு வஞ்சிரம் வரும்" என்றார். மினிட்ஸில் 'வேறு பொருள் குறித்தும் கருத்துப் பரிமாற்றம் நடந்தது' என்று எழுதினேன்.

இந்த இடத்தில்தான் வெளிமாநில, வெளிநாட்டு அனுபவங்கள் உள்ளே வந்தன. டி-5 சார் மும்பையில் முப்பது வருடம் இருந்தவர். அங்கே ஹவுசிங் சொசைட்டிகள், வீட்டில் தான் இருக்காமல் வாடகைக்கு விடும் உறுப்பினரிடம் 'நான்-ஆக்குபன்சி சார்ஜ்' என்று தனியாக வசூலிக்கும் என்றார். தலைவர் கண்கள் பளபளத்தன. எவ்வளவு வேண்டுமானாலும் வசூலிக்கலாமா? முன்பு அப்படித்தான் இஷ்டத்துக்குக் கறந்துகொண்டிருந்தார்கள். 2001இல் மகாராஷ்டிர அரசு, சர்வீஸ் சார்ஜில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கடிவாளம் போட்டது. ஒரு சொசைட்டி அதை எதிர்த்து நீதிமன்றம் போய், 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் அரசு சொன்னதுதான் சரி என்றுவிட்டது. பளபளப்பு அணைந்தது. பத்து சதவீதத்தில் ஒரு டியூப்லைட்டுக்குக்கூட வராது என்று பொருளாளர் கணக்குப் போட்டார்.

சி-9 ஓனர் நியூ ஜெர்சியிலிருந்து ஜூமில் வந்தார். அங்கே இரவு, இவருக்குக் கொட்டாவி. அவருடைய காண்டோவில் இத்தனை சதவீத வீடுகளைத்தான் வாடகைக்கு விடலாம் என்று உச்சவரம்பு உண்டாம். வரம்பு நிறைந்துவிட்டால், யாராவது ஒருவர் திரும்பக் குடிவரும்வரை மற்ற ஓனர்கள் காத்திருப்போர் பட்டியலில் நிற்க வேண்டும். இதற்குப் பின்னால் கடன் விஷயம் இருக்கிறது: அரசின் எஃப்.ஹெச்.ஏ. காப்புறுதியோடு அங்கே வீட்டுக்கடன் கிடைக்க, பொதுவாக அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகளிலாவது ஓனர்களே குடியிருக்க வேண்டும். வாடகை வீடு பெருகினால், நாளை விற்கும்போது வாங்க வருபவனுக்கு அந்தக் கடன் கிடைக்காது. "இங்க ரூல்னா ரூல் சார்" என்றார் பெருமையாக. அப்படியானால் நீங்கள் சி-9ஐ என்ன செய்வதாக உத்தேசம் என்று தலைவர் கேட்டதும் திரை உறைந்துவிட்டது. நெட்வொர்க்காக இருக்கலாம். உறைந்த முகம் அவ்வப்போது கண் சிமிட்டியதுதான் இடித்தது.

பி-4 மாமியின் மகள் சிங்கப்பூரில். அங்கே தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதே குற்றம் என்றார் மாமி. 2017க்கு முன்பு அதுவும் ஆறு மாதமாக இருந்ததாம். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தான் சரியாக இரண்டரை மாதத்தில் திரும்பிவிடுவதற்கு அந்தச் சட்டமே காரணம் என்று மாமி நம்பிக்கொண்டிருக்கிறார். அது வாடகைக்குத்தான், அம்மாவுக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கடைசியில் டி-2 வக்கீல் வாய் திறந்தார். வக்கீல் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சட்டம் எழுதியிருக்கிறோம். அவரும் பகோடா தீரும்வரை பொறுத்துத்தான் இருந்திருக்கிறார். "பழைய 1960 வருஷச் சட்டம் போயிடுச்சு சார். 2017ல போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்தாச்சு. வாடகைன்னா எழுத்துல ஒப்பந்தம் போடணும், அதை அரசாங்கம் நியமிச்ச அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லாட்டி அட்வான்ஸ் மூணு மாசம். உள்வாடகைக்கு விடணும்னா ஓனரோட எழுத்துல துணை ஒப்பந்தம் வேணும். பழைய சட்டத்துலயே ஓனர் எழுதிக் கொடுக்காம உள்வாடகை விட்டா காலி பண்ண வைக்கலாம்."

அட்வான்ஸ் மூன்று மாதம் என்றதும், தத்தம் வீட்டுக்குப் பத்து மாதம் வாங்கியிருந்த இரண்டு ஓனர்கள் காபி டம்ளரை உற்றுப் பார்த்தார்கள்.

"நம்ம ஊர்ல எல்லாரும் பதினோரு மாசத்துக்குத்தானே சார் அக்ரிமென்ட் போடறோம்?" என்றார் பொருளாளர்.

அந்தப் பதினோரு மாதம் பற்றி வக்கீல் ஒரு தனிச் சொற்பொழிவே ஆற்றினார். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் குத்தகை எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆகவே காலங்காலமாக இந்தியா முழுக்க வாடகைக்காரர்கள் பதினோரு மாதம் மட்டும் குடியிருப்பதாகத்தான் காகிதம் சொல்கிறது. பிள்ளை பிறந்து, வளர்ந்து, அதே வீட்டிலிருந்து கல்யாணமாகிப் போகும். காகிதத்தில் பதினோரு மாதம். முத்திரைத்தாளில், ஜெராக்ஸ் கடையில், போன முறை இருந்தவரின் பெயரைப் பாதி இடத்தில் மாற்ற மறந்து தட்டச்சு செய்த பதினோரு மாதம்.

"சரி, அந்தக் குட்டி டெனன்ட்டுங்களைப் பிடிக்க என்ன வழி?" என்றார் தலைவர். சி-9இல் உள்வாடகைக்கு இருப்பவர்களைச் சொல்கிறார். அவர்கள் ஒப்பந்தத்தில் இல்லை, ஓனர் எழுதிக் கொடுக்கவும் இல்லை, நாளைக்குத் தம்பியின் சித்தப்பா பையன்கள் என்று சொல்லிவிடலாம். வக்கீல் கொஞ்சம் யோசித்து ஒரு வரையறை சொன்னார், நான் அப்படியே அடித்தேன்: 'வாடகைதாரர் என்பது, விற்பனைப் பத்திரத்தில் பெயர் இல்லாமல் இக்குடியிருப்பில் முப்பது நாளுக்கு மேல் வசிக்கும் எவரையும் குறிக்கும்.' அப்படிப்பட்டவர் ஒவ்வொருவரும் போட்டோ, ஆதார் நகல், உரிமையாளரின் கையொப்பம் எல்லாம் வைத்துப் படிவம் தர வேண்டும். சித்தப்பா பையனாவது, பெரியப்பா பையனாவது, யாரும் தப்ப முடியாது. தலைவர் எழுந்து வக்கீலுக்குக் கை கொடுத்தார். 2012இல் வங்கிக் கொள்ளைகளுக்குப் பிறகு சென்னைப் போலீசே வீட்டுக்காரர்களிடம் வாடகைதாரர் விவரம் கேட்டதையும், அப்போது தான் மேலாளராக இருந்ததையும் நினைவுகூர்ந்தார்.

விதிகள் செல்ல வேண்டுமானால் பொதுக்குழு நிறைவேற்ற வேண்டும். பொதுக்குழு நடக்க கோரம் வேண்டும். எங்கள் துணைவிதிப்படி மூன்றில் ஒரு பங்கு, 14 பேர். வழக்கமாக வருவது ஒன்பது பேர். பி-6 வீட்டு லாப்ரடாரைச் சேர்த்தால் பத்து. 42இல் 19 வீடு வாடகைக்கு விட்டது. அந்த ஓனர்கள் வேளச்சேரி முதல் வான்கூவர் வரை இருக்கிறார்கள். இரண்டு முறை கூட்டம் போட்டுக் கலைந்த பிறகு செயலாளர் ஓனர்கள் குழுவில் கெஞ்சினார்: 'நேரில் வர இயலாதவர்கள், தங்கள் சார்பில் எவரையேனும் அதிகாரக் கடிதத்துடன் அனுப்பி வைக்கவும்.'

எவரையேனும் என்று இருந்தது. வான்கூவரில் இருப்பவருக்கு மடிப்பாக்கத்தில் எவரைத் தெரியும்? மாதாமாதம் வாடகை அனுப்புகிறவரைத்தான் தெரியும்.

ஸ்டில்ட் பார்க்கிங்கில் நாற்காலி போட்டிருந்தோம். பத்து மணிக்குப் பதினோரு வாடகைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிதம். முன்னால் சி-9 தம்பி. நன்றாகக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை. நியூ ஜெர்சி ஓனர் மின்னஞ்சலில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அதிகாரக் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "கோரம் வந்துடுச்சா சார்?" என்று அக்கறையாக விசாரித்தான்.

கோரம் வந்துவிட்டது. எங்கள் சங்க வரலாற்றில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

தலைவருக்கு முகம் சிவந்தது. "டெனன்ட்டுங்களைப் பத்தின ரூலுக்கு டெனன்ட்டே ஓட்டுப் போடறதா? ஓனர் இல்லாதவங்க எல்லாம் வெளிய போங்க!" என்றார்.

தம்பி டி-2 வக்கீலைப் பார்த்தான். வக்கீல் பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே போய், முதல் வரிசைக்கே திரும்பி வந்தார். "சார், ஏ-1 யார் பேர்ல இருக்கு?"

பெண்கள் பெயரில் கடன் எடுத்தால் சில வங்கிகளில் வட்டி கொஞ்சம் குறையும். வங்கி மேலாளருக்கு இது தெரியாமல் இருக்குமா? ஏ-1 முழுக்க அவர் மனைவி பெயரில்தான். மூன்று வருடமாகத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே மனைவி எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தின் பேரில். ஓனர் இல்லாதவர் வெளியே போக வேண்டுமென்றால் முதலில் யார் எழ வேண்டும் என்று கூட்டம் கணக்குப் போட்டது. அதே வட்டிக் கணக்கில் இன்னும் ஏழெட்டு ஆண்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். பி-7 சார் தன் கருத்தை மறுபடி அழுத்தமாகப் பதிவு செய்யக் காலைத் தூக்கியவர், வீடு மாமியார் பெயரில் இருப்பது நினைவுக்கு வந்து மெல்ல இறக்கிக்கொண்டார்.

கடிதங்கள் செல்லும் என்று தலைவர் தீர்ப்பளித்தார். அவருக்கு வேறு வழி இல்லை.

அதற்குப் பிறகு விவாதம் நிஜமாகவே பயனுள்ளதாக அமைந்தது. கேட் பூட்டும் நேரம் முதலில் விழுந்தது. நைட் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வரும் பெண்பிள்ளைகள் இருவர், கேட்டில் நிற்கவைத்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார்கள், பதில் சொல்ல ஆளில்லை. ஐயாயிரம் ஷிஃப்டிங் சார்ஜ் ஆயிரமாகி, ஓனர் சாமான் ஏற்றினாலும் உண்டு என்றானது. ஆணி காலை பத்திலிருந்து ஒன்று வரை, மாலை நாலிலிருந்து ஆறு வரை, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். உள்வாடகைக்கு ஓனரின் எழுத்துபூர்வச் சம்மதம் கட்டாயம், ஒரு பெட்ரூமுக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது, தண்ணீர்ச் செலவு இனி தலைக்கணக்கு. கடைசி மூன்றையும் முன்மொழிந்தது சி-9 தம்பிதான். "பசங்க குளிக்கறதுக்கு நான் கட்டறேன் சார். ஆனா சப்லெட் பத்திப் பேசறப்போ ஒண்ணு கேட்டுக்கறேன். விசிட்டர் பார்க்கிங்ல தினம் ராத்திரி மூணு கால் டாக்சி நிக்குதே, அது யாரோட விசிட்டர்?"

எல்லோரும் வாட்ச்மேன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் மோட்டார் போட வேண்டும் என்று போயிருந்தார். காலை பதினொன்றரைக்கு எங்கள் வீடுகளில் மோட்டார் போட்டதே கிடையாது.

வரையறையை மட்டும் யாரும் தொடவில்லை. பத்திரத்தில் பெயர் இல்லாமல் முப்பது நாளுக்கு மேல் வசிக்கும் எவரும். அது கைதட்டலோடு நிறைவேறியது. தலைவர்தான் முதலில் தட்டினார்.

படிவங்கள் அச்சாகி வந்தபோது, முதலில் ஏ பிளாக்கிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு ஏ-1க்குப் போனேன். தலைவர் ஒன்றும் பேசாமல் பெயர் எழுதினார், போட்டோ ஒட்டினார், ஆதார் நகலை மடித்து வைத்தார். 'முந்தைய முகவரி' என்ற இடத்தில் திருவல்லிக்கேணி என்று எழுதி அடித்துவிட்டு வேறு எழுதினார். பிறகு உரிமையாளர் கையொப்பத்துக்காகப் படிவம் சமையலறைக்குப் போனது. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிதானமாக மேலிருந்து கீழே படித்தார்கள். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"'எவ்வளவு காலத்துக்கு'ன்னு ஒரு காலம் இருக்கே தம்பி, இதுக்கு என்ன எழுதணும்?"

உங்கள் இஷ்டம்தான் அம்மா என்றேன்.

ஹாலில் உட்கார்ந்திருந்தவரை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். "பதினோரு மாசம்னே போட்டுக்கோங்க. நடந்துக்கறதைப் பார்த்துட்டு ரினியூ பண்ணலாம்."